கோச்செங்கட் சோழர் புராணத்தில் சிலந்தி

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில் கோச்செங்கட் சோழ நாயனாரின் வரலாறு ஒரு சிலந்தியிலிருந்து தொடங்குகிறது. சேக்கிழாரின் ஊர் குன்றத்தூர். இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கு அருகே உள்ளது. சிற்றுயிரும் பக்தியால் அரசனாகலாம் என்பதற்குச் சான்றாகவே இக்கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்த வாசிப்பு கதையின் பாதியை மட்டுமே காண்கிறது.

கதை

திருவானைக்காவில் வெண்நாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தை ஒரு யானை நீராட்டி, பூவிட்டு வழிபட்டது. லிங்கத்தின் மேல் சருகு உதிராதபடி ஒரு சிலந்தி வலையால் பந்தலிட்டது. யானை அதைத் தூய்மையற்றது எனக் கருதி அழித்தது. சிலந்தி மீண்டும் இழைத்தது, யானை மீண்டும் அழித்தது. சினந்த சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்தது. யானை துதிக்கையைத் தரையில் மோத, இரண்டும் இறந்தன. யானைக்குச் சிவன் வரமளித்தார். சிலந்தி சுபதேவனுக்கும் கமலவதிக்கும் மகனாக, கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது.

இரு வழிபாடுகள்

யானை வழிபாட்டுப் பொருட்களை வெளியிலிருந்து கொண்டுவருகிறது. சிலந்தியோ தன் உடலிலிருந்தே நூலெடுக்கிறது. சிலந்திக்கு அது விதானம். யானையின் கண்ணுக்கு வெறும் ஒட்டடை. கதையின் மையச் சிக்கல் இதுவே. சேக்கிழார் சிலந்தியை அறிவுள்ள உயிராகக் காட்டுகிறார். வருந்தி இழைத்தது அழிந்ததே அதன் சினத்துக்குக் காரணம். யானையையும் அவர் பழிக்கவில்லை. அதன் செயலும் பக்தியில் பிறந்தது. ஆகவே இது நன்மைக்கும் தீமைக்குமான மோதல் அல்ல. தூய்மைக்கும் உழைப்புக்குமான மோதல்.

பிற தொன்மங்கள்

ஓவிட் எழுதிய 'மெட்டமார்ஃபசிஸ்' என்னும் லத்தீன் காவியத்தில் அராக்னி என்ற நெசவுப் பெண் தெய்வத்தோடு போட்டியிடுகிறாள். அவள் நெய்த துணியைத் தெய்வம் கிழிக்கிறது. இறுதியில் அவள் சிலந்தியாக்கப்படுகிறாள். அங்கே மனிதர் சிலந்தியாவது தண்டனை. இங்கே சிலந்தி மனிதராவது பரிசு. திசைகள் வேறானாலும், சிலந்திப் பிறவி தாழ்ந்தது என்பதில் இரு கதைகளும் ஒன்றுபடுகின்றன. எகிப்தியரின் கெப்ரி என்ற தெய்வம் இதற்கு மாறானது. சாணத்தை உருட்டும் வண்டின் செயலே கதிரவனை நகர்த்தும் செயலாக அங்கே காணப்பட்டது. வண்டு வண்டாகவே தெய்வமாகிறது.

மதிப்பீடு

சிலந்தியின் உழைப்பைக் கண்டுகொண்டது இக்கதையின் வலிமை. அதற்கான பரிசு சிலந்தித்தன்மையை இழப்பதாக அமைந்தது அதன் எல்லை. முற்பிறவியை அறிந்த சோழன் திருவானைக்காவில் கோயில் எழுப்புகிறான். அவன் சிவனுக்கு 70 மாடக்கோயில்கள் எடுத்ததைத் திருமங்கையாழ்வார் பாடுகிறார். யானை ஏற முடியாதபடி அவை கட்டப்பட்டன என்பது மக்கள் வழக்கு. அதாவது, பழைய வலையின் நினைவே கட்டடமாகிறது. நூலாக இருந்தவரை கலைக்கப்பட்ட பந்தல், அரசன் கையால் எழும்போது கோயிலாக மதிக்கப்படுகிறது.

காளத்தித் தலபுராணத்தில் சிலந்தி அரசனாகாமலேயே முக்தி பெறுகிறது. அதனருகே வைத்துப் படிக்கும்போது, சிலந்தி எப்படி அரசனாயிற்று என்பதைவிட, அதன் உழைப்பு மதிக்கப்பட அது ஏன் அரசனாக வேண்டியிருந்தது என்பதே திருவானைக்காக் கதை எழுப்பும் பெரிய கேள்வி.