பக்கத்து வீட்டு வெற்றியை ரசிப்பது எப்படி?

ராஜபாளையத்துக்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரும் ஒருவரையொருவர் எவ்வளவு பரிகாசம் செய்துகொண்டாலும், நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருப்பதால், பஸ் ஏறித் தப்பித்துவிடலாம். பரிகசிப்பவரும் பரிகசிக்கப்படுபவரும் ஒரே சுவரின் இருபுறமும் குடியிருந்தால் என்ன ஆகும் என்று அறிய விரும்புகிறவர்கள், கல்கத்தாவின் கால்பந்து ரசிகர்களைக் கவனிக்க வேண்டும்.

1889-இல் தோன்றிய மோகன் பகானை மேற்கு வங்கத்தின் பூர்விகக் குடிகளான 'கோட்டி'களும், 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலைக் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த 'பாங்கால்'களும் குலதெய்வமாகவே பாவித்து வந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம் என்று அர்த்தம். ஆட்டத்தன்று அந்த அர்த்தம் இரு கட்சிக்கும் பொருந்தும்.

ரசிக்கப் புகுகிறவர் முதலில் மைதானத்தை விட்டுவிட்டு அடுக்களையைக் கவனிக்கட்டும். ஈஸ்ட் பெங்கால் ஜயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜயித்தால் இறால் என்பது சம்பிரதாயம். கடுகரைத்த குழம்பின் வாசனை சுவரேறிக் குதித்து, தோற்றவர் சோற்றில் கைவைக்கும் சமயம் பார்த்து அவர் நாசியில் புகும்போது, அவர் முகத்தில் தோன்றும் வைராக்கியமே பார்க்கத் தக்க காட்சி.

அடுத்து, ஞாபகத்தை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். 1975 ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என்று வென்றது. அன்று தகப்பனார் தோளில் அழுதபடி வீடு திரும்பிய மோகன் பகான் குழந்தைகள், தாமே தகப்பனாராகி, 34 வருஷம் அண்டை வீட்டாரின் ஐந்து விரல்களைப் பார்த்துச் சகித்த பிறகே, 2009-இல் ஐ-லீக் ஆட்டமொன்றில் 5–3 என்று அந்த ஐந்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

மூன்றாவதாக, வீரர்களைவிட ரசிகர்களே ஸ்திரமானவர்கள் என்பதை உணருங்கள். 2009-இல் மோகன் பகானின் ஐந்தில் நான்கை அடித்த நைஜீரியர் சிடி எடே, பிற்பாடு ஈஸ்ட் பெங்காலின் சிவப்பும் பொன்னும் அணிந்து ஆடினார். நேற்று அவரைச் சபித்த வாய் வாழ்த்தியது, வாழ்த்திய வாய் சபித்தது, வீடுகள் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருந்தன.

இவ்வித்தையை நாமும் பயிலலாம். உலகக் கோப்பை வரும்போது, நீங்கள் பிரேசிலாகவும் அண்டை வீட்டார் அர்ஜென்டினாவாகவும் இருந்து, நீங்கள் வெல்ல நேர்ந்தால், வெடியோடு நிறுத்திவிடாமல், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை ஒரு கிண்ணத்தில் வைத்து அவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம் ஊரில் கிடையாது. நான்கு வருஷம் கழித்தாவது, அவர்கள் ஜயித்த தித்திப்போடு அது உங்கள் வாசலுக்கு வந்துசேரும்.