கேமரா சொல்வதும் நாம் சொல்ல வைப்பதும்

ஆய்வகச் சுண்டெலியின் நடமாட்டத்தைக் கேமராவில் பதிந்து கணினியால் அளப்பது இன்று நரம்பியலில் அன்றாட வேலை. மனிதப் பார்வையின் மேல் எழுந்த நியாயமான சந்தேகம் இதற்கு ஒரு காரணம். 1963இல் உளவியல் ஆய்வாளர்களான ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் ஒரே வகை எலிகளையே மாணவர்களிடம் கொடுத்து, சிலரிடம் 'கெட்டிக்கார எலி' என்றும் சிலரிடம் 'மந்த எலி' என்றும் சொன்னார்கள். கெட்டிக்கார எலி என்று நம்பியவர்கள் பதிவு செய்த முடிவுகளே மேலாக இருந்தன. கணினிக்கு அப்படிப்பட்ட எதிர்பார்ப்பு கிடையாது, அலுப்பும் கிடையாது.

தொடக்ககால மென்பொருள்கள் எலியை ஒரு புள்ளியாகவே பின்தொடர்ந்தன. 2018இல் வந்த டீப்லேப்கட் என்ற மென்பொருள், சுமார் 200 படங்களில் மூக்கு, காது, வால் ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தாலே மனிதருக்கு நிகராக அவற்றை இனங்காண்கிறது. அது இலவசம் என்பதால் சிறிய ஆய்வகங்களுக்கும் எட்டியது.

ஆனாலும் இந்த முறைக்குக் குறைகள் உண்டு. அவற்றில் எளிதானது பார்வைக் குழப்பம். ஒரே நிற எலிகள் இரண்டு ஒட்டிப் படுத்துப் பிரிந்தால் கணினி ஆள் மாற்றிவிடலாம். கவனிக்காவிட்டால் அந்தப் பிழை பதிவின் கடைசிவரை தொடரும். இதை ஆள் வைத்துத் திருத்திவிடலாம்.

திருத்தக் கடினமானது, எண்ணுக்கு நாம் ஏற்றும் பொருள். எலியை ஒரு திறந்த பெட்டியில் உலவவிடும் 'திறந்தவெளிச் சோதனை'யில் நடுப்பகுதியில் அதிக நேரம் இருந்த எலிக்குப் பதற்றம் குறைவு என்கிறோம். ஆனால் ஓட்டத்தைத் தூண்டும் மருந்து கொடுத்தாலும் எலி நடுவே அடிக்கடி போகக்கூடும். எலியை நீர்த்தொட்டியில் விடும் நீச்சல் சோதனையில் அது அசையாமல் மிதப்பதை நம்பிக்கையிழப்பு என்று படித்தார்கள். வீணாகத் தத்தளிக்காமல் பலத்தைச் சேமிக்கக் கற்றுக்கொண்டது என்றும் படிக்கலாம். தராசு எவ்வளவு துல்லியமானாலும் தட்டில் இருப்பது என்ன பொருள் என்று அது சொல்லாது.

கேமராவின் சட்டகத்துக்கு வெளியே இருப்பதும் எலியைப் பாதிக்கிறது. 1999இல் ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லாந்து ஆகிய நகரங்களின் ஆய்வகங்கள் ஒரே மரபுவழி எலிகளை, கூடியவரை ஒரே முறையில் சோதித்தன. ஆனாலும் சில முடிவுகள் வேறுபட்டன. ஆண்களின் வாசனையே எலிகளுக்கு அழுத்தம் தந்து வலி உணர்வைக் குறைக்கிறது என்று மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். வாசனை வீடியோவில் பதிவதில்லை.

ஆகவே கருவி தேவைதான், நிபந்தனைகளோடு. மூல வீடியோவை மற்றவர்களும் பார்க்கத் தர வேண்டும். ஒரு பகுதியையாவது மனிதர் சரிபார்க்க வேண்டும். முடிவில் 'நடுப்பகுதியில் இருந்த நேரம்' என்றே எழுத வேண்டும். அதைப் 'பதற்றம்' என்று அழைக்க வேறு சான்றும் வேண்டும்.