ஈட்டியில் கட்டிய வேம்பு: டான் மெக்லீனின் ‘அமெரிக்கன் பை’

எட்டரை நிமிடப் பாட்டு. சின்ன இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது என்பதால் நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் போட்டார்கள். அப்படியும் 1972 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தது. டான் மெக்லீனின் ‘அமெரிக்கன் பை’ பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் அடுத்த பத்தியிலேயே கோனார் உரையைத் திறந்துவிடுவார்கள். ராஜா என்றால் எல்விஸ். விதூஷகன் என்றால் பாப் டிலன். பூங்காவில் பயிற்சி எடுக்கும் நால்வர் பீட்டில்ஸ். நீலத் துயரம் பாடும் பெண் ஜானிஸ் ஜாப்ளின். இடையில் ஒரு பெயர் வருகிறது, அது லெனினா, லெனனா என்று ஐம்பது வருடமாகப் பஞ்சாயத்து.

இந்த உரை முட்டாள்தனமானது என்று நான் சொல்லவரவில்லை. பல இடங்களில் கச்சிதமாகவே பொருந்துகிறது. விதூஷகன் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டைப் போட்டிருக்கிறான். டிலனின் 1963 இசைத்தட்டு அட்டையைப் பார்த்தால் ஜேம்ஸ் டீனின் நிழல் தெரியும். பிறகு அதே விதூஷகன் கட்டுப்போட்டு ஆட்டத்துக்கு வெளியே கிடக்கிறான். 1966-இல் டிலன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். பாட்டின் பிற்பாதியில் மேடையில் சாத்தான் ஆடுகிறான், கீழே பலி நடக்கிறது. 1969 டிசம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவின் ஆல்டமாண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருக்கும்போதே, காவலுக்கு வைத்த மோட்டார் சைக்கிள் கும்பலைச் சேர்ந்த ஒருவன் மெரிடித் ஹண்டர் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞனை மேடைக்குப் பக்கத்தில் குத்திக் கொன்றான். அந்தப் பகுதியைக் கேட்டுவிட்டு ஆல்டமாண்டை நினைக்காமல் இருப்பது கஷ்டம்தான்.

ஆனால் ஒவ்வொரு விடையும் கிடைத்த பிறகு பாட்டு கொஞ்சம் சுருங்கிப்போகிறது. குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பி முடித்ததும் அந்தத் தாளில் வடை வைத்துத் தின்போமே, அந்த மாதிரி.

மெக்லீன் பல காலம் வாயே திறக்கவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டால், இனிமேல் நான் வேலைக்குப் போக வேண்டாம் என்று அர்த்தம் என்பார். 2015-இல் 16 பக்கக் கையெழுத்துப் பிரதி 12 லட்சம் டாலருக்கு ஏலம் போனதைப் பார்த்தால் அந்த விடையிலும் உண்மை இருக்கிறது. 2022-இல் வந்த ஆவணப்படத்தில் ஒருவழியாகப் பேசினார்: ராஜா எல்விஸ் இல்லை, அந்தப் பெண் ஜாப்ளின் இல்லை. உரையாசிரியர்கள் விடுவார்களா? ஆசிரியன் சொல்வதையெல்லாம் நம்ப முடியுமா என்று கிளம்பிவிட்டார்கள். டிலனுக்கோ, போரை எதிர்த்து அப்படியெல்லாம் பாட்டு எழுதிய என்னையா விதூஷகன் என்கிறார்கள் என்று மனக்குறை. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாட்டில் பியானோ வாசித்த பால் க்ரிஃபின்தான் டிலனின் ‘ஹைவே 61 ரீவிசிட்டட்’ தொகுப்பிலும் பியானோ வாசித்தவர்.

இந்தச் சண்டை நமக்குப் பழக்கமானதுதான். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடையில் பெயரே கிடையாது. அரண்மனையில் பிரிவால் வாடும் பெண், பாசறையில் நள்ளிரவில் காயம்பட்டவர்களைப் பார்க்க நடக்கும் அரசன், அவ்வளவுதான். ஆனால் முன்னே போகிறவன் ஏந்திய வேலில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆளைச் சுட்டியாயிற்று, ஆகவே இது புறம் என்று தீர்ப்பு எழுதினார் நச்சினார்க்கினியர். ஒரு கொத்து வேப்பிலை ஒரு முழுப் பாட்டையும் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு இழுத்துவந்துவிட்டது. அமெரிக்க உரையாசிரியர்களும் ஐம்பது வருடமாக அந்த வேப்பிலையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் வேகமாகத் தாண்டிப்போவது முதல் பகுதியை. ஏனென்றால் அதில் புதிரே இல்லை. பிப்ரவரிக் குளிர், வீடு வீடாகப் பேப்பர் போடும் பையன், கெட்ட செய்தி. 1959 பிப்ரவரி 3 அதிகாலையில் அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் அருகே ஒரு சின்ன விமானம் விழுந்தது. பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ‘பிக் பாப்பர்’ என்கிற ஜே.பி. ரிச்சர்ட்சன், விமானி நால்வரும் இறந்தார்கள். ஹாலிக்கு 22 வயது, வேலன்ஸுக்கு 17. ஹாலிக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மனைவி கர்ப்பிணி, செய்தி கேட்ட அதிர்ச்சியில் கரு கலைந்தது. நியூயார்க்கை ஒட்டிய நியூ ரொஷெலில் பேப்பர் போட்டுக்கொண்டிருந்த மெக்லீனுக்கு 13 வயது. இன்று அந்த விபத்துக்கு உலகம் வழங்கும் பெயரே இந்தப் பாட்டு கொடுத்ததுதான்.

அந்த விதவையைப் பற்றிப் படித்தபோது தான் அழுதோமா இல்லையா என்று பாடுகிறவனுக்கு நினைவில்லை. எனக்கு இந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அழுதேன் என்று சொல்லியிருந்தால் சாதாரண இரங்கல் பாட்டாகியிருக்கும். செத்தவன் உறவில்லை, ஊர்க்காரனில்லை, இவனைப் பார்த்ததுகூட இல்லை. துட்டிக்குப் போக உரிமையில்லாத சாவு அது. அந்தச் செய்தியை இவனே மடித்து ஒவ்வொரு வாசலிலும் போட்டுவிட்டு வரவேண்டும். அழுதிருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது?

இங்கிருந்து கேட்டால் மற்ற பகுதிகளின் முகமூடிகள் வேறு மாதிரித் தெரிகின்றன. அவை எதையும் மறைப்பதற்காகப் போட்டவை என்று எனக்குத் தோன்றவில்லை. பாடுகிறவன் நிற்கும் தூரம் அது. வானொலியிலும் இசைத்தட்டு அட்டையிலும் பேப்பரிலும் மட்டுமே பார்த்தவர்களை ஒரு பையன் எப்படி அறிவான்? ராஜா, ராணி, கோமாளி, சாத்தான் என்றுதான் அறிவான். சீட்டுக்கட்டிலிருந்தும் கத்தோலிக்கப் பள்ளி வேதபாடத்திலிருந்தும் எடுத்த பெயர்கள். நேரில் பழகியவனுக்கு டிலன் டிலன்தான். பேப்பர் போடுகிற பையனுக்கு அவன் அரண்மனைக்குள் நடமாடும் ஓர் உருவம்.

புதிர்ப் பகுதிகளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சோதனையே நடந்திருக்கிறது. 2000-இல் மடோனா இதைப் பாடினார். கோமாளி, நால்வர், சாத்தான் யாரும் இல்லை. தொடக்கம், காதல் பகுதி, முடிவு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நாலரை நிமிடத்தில் முடித்தார். பிரிட்டனில் முதலிடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒட்டவில்லை. காரணம் அர்த்தம் குறைந்துபோனது இல்லை, காலம் குறைந்துபோனது. மெக்லீனின் பாட்டில் முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் இடையே பத்து வருடத்துக்கு மேல் ஓடுகிறது. மெதுவாகப் பியானோவோடு தொடங்கி, வேகமெடுத்து, ஆட்டம் வெறியாகி, ஆல்டமாண்டு போன்ற ஒன்றில் முட்டி நிற்கிறது. அந்த இரைச்சலைக் கடந்துவந்த காதுக்குத்தான் கடைசிப் பகுதியின் நிதானம் கனக்கும். யார் யார் என்று தெரியாமலேயே கடந்துவரலாம்; கோடிக்கணக்கானவர்கள் அப்படித்தான் கடந்துவந்தார்கள்.

அந்தக் கடைசிப் பகுதியில் மணிகள் உடைந்து கிடக்கின்றன. பிறகு அவன் மிகவும் மதித்த மூவர் கடற்கரைப் பக்கம் போகும் ரயிலைப் பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள்: பிதா, சுதன், பரிசுத்த ஆவி. உரையாசிரியர்கள் உடனே எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்வார்கள். மூவர், விமானத்தில் போன மூன்று பாடகர்கள், சரியாப் போச்சு. இருக்கலாம். ஆனால் அந்த விபத்துக்கு இரண்டு வருடம் கழித்து, 1961-இல், 15 வயதில் மெக்லீன் தன் அப்பாவை இழந்தார். அந்தச் சாவு பாட்டில் எங்கும் சொல்லப்படவில்லை. இதுவும் இன்னொரு வேப்பிலைதானே என்று நீங்கள் கேட்கலாம். பிதா என்றால் மெக்லீனின் அப்பா என்று நான் சமன்பாடு போடவில்லை. ஹாலியின் சாவுக்கு அழுதேனா என்று தெரியாத ஒருவன், எட்டரை நிமிடம் ஊரார் கதையெல்லாம் சொல்லிவிட்டு, முடிக்கிற இடத்தில் போகிறவர்களின் பட்டியலில் முதலாவதாக அந்தச் சொல்லை வைக்கிறான். பாட்டு முழுவதிலும் அந்தச் சொல் வருவது அந்த ஒரே இடத்தில்தான். அதைத் தாண்டியதும் பல்லவி வந்துவிடுகிறது, ஒரு கூட்டமே சேர்ந்து பாடுகிறது.