கிரீடன்ஸ்: ஒருவர் கையில் இருந்த நால்வர் குழு

1969இல் மட்டும் மூன்று ஆல்பங்கள். ஜனவரியில் 'பாயு கன்ட்ரி', ஆகஸ்டில் 'கிரீன் ரிவர்', ஆண்டு முடிவதற்குள் 'வில்லி அண்ட் தி புவர் பாய்ஸ்'. நடுவில் ஓயாத கச்சேரிகள், உட்ஸ்டாக் இசைவிழா மேடை வேறு. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற பெயரில் இந்தக் குழு இசைத்தட்டு வெளியிட்டது 1968 முதல் 1972 வரைதான். மொத்தம் ஏழு ஆல்பங்கள். அவற்றில் ஐந்து இன்றும் முழுதாக உட்கார்ந்து கேட்கத்தக்கவை. ராக் வரலாற்றில் இந்த விகிதம் அபூர்வம்.

ஆனால் அந்த நான்காண்டுக்குப் பின்னால் கிட்டத்தட்ட பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள எல் செரிட்டோ ஊரில், பள்ளித் தோழர்களான ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபோர்ட் மூவரும் 1959இல் 'புளூ வெல்வெட்ஸ்' என்று வாசிக்கத் தொடங்கினார்கள். ஜானின் அண்ணன் டாம் பிறகு சேர்ந்துகொண்டார். தொடக்கத்தில் முன்னணிப் பாடகர் அண்ணன்தான். ஃபேன்டஸி நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்து 'கோலிவாக்ஸ்' என்று பெயர் சூட்டியது. அவர்களுக்கே பிடிக்காத பெயர். 1967இல் சால் ஸெயின்ட்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு புதுப் பெயர், புது ஒப்பந்தம். அதற்குள் மைக் தம்பியின் கைக்கு வந்துவிட்டது.

இவர்களின் இசையை 'ஸ்வாம்ப் ராக்' என்பார்கள். லூசியானா சதுப்பு நிலத்தின் ஈரமும் புழுக்கமும் பாடல்களில் இருப்பது உண்மை. ஆனால் அவற்றை எழுதிய ஜான் தெற்கு மாநிலங்களில் வாழ்ந்தவரே அல்லர். 'கிரீன் ரிவர்' பாட்டிலுள்ள ஆறு, சிறுவயதில் விடுமுறைக்குப் போன கலிஃபோர்னியாவின் பூட்டா ஓடை. பெயர் ஒரு சர்பத் பாட்டில் லேபிளில் இருந்து எடுத்தது. இதைப் போலித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய புளூஸ், ராக்கபில்லி இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே ஒரு நிலப்பரப்பைக் காதுக்குள் கட்டி எழுப்பியவர் அவர். அண்டை நகரமான சான் ஃபிரான்சிஸ்கோவில் மற்ற குழுக்கள் ஒரே பாட்டை அரைமணி நேரம் இழுத்துக்கொண்டிருந்தபோது, இவர் மூன்று நிமிடத்துக்குள் சொல்லி முடித்தார். 'சூசி கியூ', 'கிரேப்வைன்' போன்ற நீண்ட பதிவுகள் விதிவிலக்கு. இரண்டுமே பிறர் பாடல்கள்.

பதிவு செய்த முறையைப் பார்த்தால் பலம் எது, விரிசல் எது என்று இரண்டும் தெரியும். டக் கிளிஃபோர்டின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அன்றாடம் ஒத்திகை. ஸ்டுடியோவில் நால்வரும் சேர்ந்து வாத்தியப் பகுதியை நேரடியாக வாசித்துப் பதிவார்கள். அதன்பின் ஜான் தனியாக உட்கார்ந்து பாட்டையும் கூடுதல் கிட்டாரையும் சேர்ப்பார். 'ப்ரௌட் மேரி'யில் பின்னணிக் குரல்களும் அவருடையவையே. மற்றவர்களுக்கும் பாட ஆசைதான், அவர் விடவில்லை. அன்று எழுந்த சண்டை முழுதாக அடங்கவேயில்லை. எழுதியவர், பாடியவர், தயாரித்தவர், கொஞ்ச காலம் மேலாளர் எல்லாம் ஒருவரே. அதேநேரம், டக்கின் டிரம்ஸும் டாமின் ரிதம் கிட்டாரும் இல்லாமல் ஜான் பின்னாளில் தனியாகச் செய்த பதிவுகளில் அந்தப் பழைய அசைவு கிடைக்கவில்லை.

சிங்கிள்களின் இரண்டு பக்கமும் ஹிட்டாவது இவர்களுக்கு வாடிக்கை. 'டவுன் ஆன் தி கார்னர்' தட்டைத் திருப்பினால் 'ஃபார்ச்சுனேட் சன்': ஒரு பக்கம் தெருமுனைக் கொண்டாட்டம், மறுபக்கம் வியட்நாம் போருக்கு அனுப்பப்படாத செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் மீதான கோபம். ஜானும் டக்கும் ரிசர்வ் படையில் இருந்தவர்கள் என்பதால் அந்தக் கோபம் இரவல் அல்ல. அமெரிக்கப் பட்டியலில் ஐந்து சிங்கிள்கள் இரண்டாம் இடம் வரை ஏறின. முதலிடம் ஒருமுறைகூட வாய்க்கவில்லை.

1970இன் 'காஸ்மோஸ் ஃபேக்டரி'யைத்தான் பலரும் உச்சம் என்பார்கள். என் ஓட்டு 'கிரீன் ரிவர்'க்கு. அரைமணிக்கும் குறைவான அந்தத் தட்டில் சதை என்று எதுவும் தொங்கவில்லை. ஆர்கனும் சாக்ஸஃபோனும் நுழைந்த 'பெண்டுலம்' உரிய மதிப்பைப் பெறாத ஆல்பம். 1971இல் டாம் விலகினார். மிஞ்சிய மூவரும் பாடல்களைப் பங்கிட்டுக்கொண்டு செய்த 'மார்டி கிரா' (1972) பரிதாபம். பங்கைக் கேட்டது மற்ற இருவருமா, வேண்டுமென்றே திணித்தது ஜானா என்று இரு தரப்பும் இரண்டு கதை சொல்கின்றன. அந்த ஆண்டே குழு கலைந்தது.

பிறகு நடந்தவை பெரும்பாலும் நீதிமன்றக் கதை. பாடல்களின் உரிமை ஃபேன்டஸியிடம் இருந்ததால், ஜான் நெடுங்காலம் தன் பழைய பாடல்களை மேடையில் பாடவே மறுத்தார். பின்னாளில் அவர் வெளியிட்ட தனிப்பாடல் ஒன்று, 'ரன் த்ரூ தி ஜங்கிள்' என்ற அவருடைய பழைய பாடலின் நகல் என்று நிறுவனம் வழக்குப் போட்டது. தன்னையே திருடியதாக ஒருவர் மேல் குற்றச்சாட்டு! 1988 விசாரணையில் கிட்டாரோடு சாட்சிக்கூண்டில் ஏறி ஜூரிக்கு வாசித்துக் காட்டி ஜெயித்தார். வழக்குச் செலவுக்கான சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிப்புரிமை வழக்கில் வெல்லும் பிரதிவாதியையும் வாதியைப் போலவே நடத்த வேண்டும் என்ற 1994 தீர்ப்பு சட்ட மாணவர்கள் படிக்கும் ஒன்றாகிவிட்டது. பாடல்களின் பெரும்பான்மை உரிமை அவருக்குக் கிடைக்க 2023 ஆனது.

நேரடிப் பதிவுகளில் குழப்பம் அதிகம். 1980இல் 'ராயல் ஆல்பர்ட் ஹால்' என்று அச்சிட்டு விற்ற தட்டு உண்மையில் ஓக்லண்டில் பதிவானது. லண்டன் கச்சேரி 2022இல்தான் வெளிவந்தது. நள்ளிரவு தாண்டி மேடையேறிய உட்ஸ்டாக் பதிவை ஜான் அப்போது விழாப் படத்தில் சேர்க்கவிடவில்லை; முழுமையாக வந்தது 2019இல். வாசிப்பில் அவர் குறை கண்டார்; கேட்டால் அப்படித் தெரியவில்லை. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 1976இன் 'கிரானிக்கிள்' தொகுப்பில் தொடங்குவதுதான் வழக்கம். தொடங்கட்டும். ஆனால் அது சிங்கிள்களைச் சுற்றிக் கட்டிய தொகுப்பு என்பதால் 'பார்ன் ஆன் தி பாயு'கூட அதில் கிடையாது. அதற்கு 'பாயு கன்ட்ரி'யை வாங்கித்தான் ஆக வேண்டும். முதல் பாட்டே அதுதான்.