இரண்டாவது கன்ட்ரோலர்

எனக்கு வேலை கொச்சியில். மனைவிக்கு நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் ஆசிரியர் பணி. மாதத்தில் ஒரு வார இறுதியையாவது வீடு, உறவு, விசேஷம் எதுவும் குறுக்கே வராமல் எங்களுக்கென்று ஒதுக்கிவிடுவோம். அதற்கு எங்களுக்கு வாய்த்த இடம் திருவனந்தபுரத்தின் தம்பானூர். நான் ரயிலில் வருவேன். அவள் வடசேரியில் பஸ் ஏறி தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக வந்து இறங்குவாள். ரயில் நிலையமும் கேரள அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே இருப்பதால் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பது சாலையின் குறுக்கே ஒரு கைத்தட்டல் தூரத்தில்தான்.

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை இரவு, என் முதுகுப்பையில் இரண்டு சட்டைகளுக்கு நடுவே துண்டில் சுற்றிய ஒரு கருவி இருந்தது. அசுஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி அல்லை என்ற கையடக்க கேமிங் கணினி. இந்த வகைக் கருவிகளைப் பற்றி வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் தனியாக ஆடுபவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை: விநாடிக்கு எத்தனை பிரேம், எத்தனை டிகிரி சூடு. எனக்கு வேறொரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. மாதம் முழுக்கப் பிரிந்திருந்து இரண்டு நாள் சேர்ந்திருக்கும் கணவன் மனைவிக்கு நடுவில் இந்தக் கருவி வந்தால், பேச்சு கூடுமா, குறையுமா?

கையில் எடுத்தால்

அல்லை இந்தியாவுக்கு வந்தது 2023 ஜூலையில். அறிமுக விலை 69,990 ரூபாய். 7 அங்குலத் திரை, 1080பி தெளிவு, 120 ஹெர்ட்ஸ் வேகம். உள்ளே ஏஎம்டி ரைசன் இசட்1 எக்ஸ்ட்ரீம் சிப், 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி சேமிப்பு. எடை 608 கிராம். கேமிங் லேப்டாப் என்றால் சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோவைத் தொடும். ரயில் பயணத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இதில் ஓடுவது விண்டோஸ் 11. இது ஒரே நேரத்தில் வரமும் தொல்லையும். கணினியில் ஓடும் எந்த விளையாட்டையும் தனியாகத் திரும்ப வாங்காமல் இதில் ஆடலாம் என்பது வரம். விரலால் தொடுவதற்கென்று வரையப்படாத சின்னச் சின்னப் பொத்தான்களை 7 அங்குலத் திரையில் குத்திக்கொண்டிருப்பது தொல்லை. பவர் பொத்தானிலேயே கைரேகை உணரி இருப்பது நல்ல ஏற்பாடு.

அறையில் இணைத்த விதம்

ஏழு அங்குலத் திரையை இரண்டு பேர் பகிர முடியாது. எட்டிப் பார்ப்பவருக்குக் கழுத்து வலிதான் மிஞ்சும். நாங்கள் தங்கிய விடுதி அறையின் சுவரில் 32 அங்குல டிவி இருந்தது. அல்லையில் இருப்பது ஒரே ஒரு யூஎஸ்பி-சி துளை. சார்ஜும் அதில்தான், டிவி இணைப்பும் அதில்தான். அதனால் டாக் என்ற இணைப்புப் பெட்டி ஒன்று கட்டாயம் தேவை. ஒரு பக்கம் சார்ஜர், இன்னொரு பக்கம் எச்டிஎம்ஐ கேபிள். இரண்டு மீட்டர் கேபிள் கொண்டுபோனது புத்திசாலித்தனம். விடுதி டிவிகளின் துளைகள் சுவரோடு ஒட்டி இருக்கும், குட்டைக் கேபிள் எட்டாது.

ப்ளூடூத் கன்ட்ரோலர்கள் இரண்டு. இரண்டையும் கொச்சியிலேயே இணைத்துச் சரிபார்த்திருந்தேன். விளையாட்டுகளையும் அங்கேயே இறக்கி வைத்திருந்தேன். 60 ஜிபி அளவுள்ள ஒன்றை விடுதியின் வைஃபையில் இறக்கத் தொடங்கினால் வார இறுதி முடிந்துவிடும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் இணையம் இல்லாமல் ஆடும் வசதி இருக்கிறது. கிளம்பும் முன் விளையாட்டை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் போதும். டிவியில் கேம் மோட் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அது நடப்பதற்கும் இடையிலான தாமதம் குறையும்.

எலும்புக்கூட்டுக்கு மருந்து

நாங்கள் முதலில் ஆடியது ஆர்.பி.ஜி. வகை, அதாவது வேறொருவராக வேடமேற்று ஆடும் ஆட்டம். இதன் தொடக்கம் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடுவது. தாயக்கட்டையையும் சிறுவயதில் கூட்டாஞ்சோறு ஆக்கி ஆடிய அப்பா அம்மா விளையாட்டையும் சேர்த்து நினைத்தால் நமக்கு எளிதில் பிடிபடும். அந்தச் சேர்ந்து ஆடும் சுபாவத்தைக் கணினிக்குள் கொண்டுவந்ததில் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனத்துக்குத் தனி இடம் உண்டு. 2023 ஆகஸ்டில் வந்து அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கிய பால்டர்ஸ் கேட் 3 அவர்களுடையது. அது இந்தக் கருவிக்குக் கனம் அதிகம். 2017இல் வந்த அவர்களுடைய டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 என்ற முந்தைய ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே திரையில் இருவர் ஆடலாம். பாத்திரங்கள் அருகருகே நின்றால் திரை ஒன்றாக இருக்கும். விலகிப் போனால் நடுவில் கோடு விழுந்து இரண்டாகப் பிரியும்.

நான் லோசே என்ற பாடகியை எடுத்தேன். அவள் ஃபேன் என்ற எலும்புக்கூட்டை எடுத்தாள். அந்த உலகில் எலும்புக்கூடுகளைக் கண்டால் மக்கள் மிரண்டு தாக்க வருவார்கள். முகத்தை மூடிக்கொண்டே நடமாட வேண்டும். கதையின் முதல் பகுதி நடப்பது கைதிகளை அடைத்து வைத்திருக்கும் ஃபோர்ட் ஜாய் தீவில். அங்கே கடற்கரையில் மூன்று முதலைகளோடு எங்களுக்கு முதல் பெரிய சண்டை. அவளுடைய உயிர்க்கோடு பாதிக்கு இறங்கியதைப் பார்த்துப் பதறி, என்னிடம் இருந்த குணமாக்கும் மந்திரத்தை அவள் மேல் போட்டேன். கோடு இன்னும் இறங்கியது.

“மருந்து தந்து கொல்லப் பாக்கீங்களா?”

இறந்த உடலுக்குக் குணமாக்கும் மந்திரம் காயம், விஷம்தான் மருந்து. இந்த விதி எங்கேயோ சிறு எழுத்தில் இருந்திருக்கும், நான் வாசிக்கவில்லை. அவள் நிதானமாகத் தன் பையைத் திறந்து ஒரு விஷக் குப்பியைக் குடித்தாள். கோடு ஏறியது. பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில், உதவி செய்கிறேன் என்று நான் அவசரப்பட்டு எதையாவது செய்ய, “என்ன வேணும்னு கேட்டுட்டுச் செய்யுங்க” என்று அவள் சொன்ன நாட்கள் உண்டு. அன்று இரவு அந்தப் பேச்சை இருவரும் மனத்தாங்கல் இல்லாமல், ஒரு முதலையை முன்னிட்டுப் பேசினோம். வேடம் போட்டு ஆடுவதில் இது ஒரு சௌகரியம். சொல்லத் தயங்குவதை வேடத்தின் வாயால் சொல்லிவிடலாம்.

டிவினிட்டியின் சண்டை முறைவைத்து நடப்பது. உங்கள் முறை வரும்போது நாலு செயல்புள்ளிகள் கிடைக்கும். நடக்க, அடிக்க, மந்திரம் போட எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் செலவு. கடிகாரம் விரட்டாது. பழம்பொரியைத் தின்றபடி, கட்டன் சாயா ஆறும் வரை யோசிக்கலாம். கன்ட்ரோலரையே தொட்டிராத என் மனைவி அரைமணி நேரத்தில் பழகிக்கொண்டதற்கு இதுதான் காரணம். விரல் வேகம் தேவையில்லை, யோசனை போதும்.

தரையில் கிடப்பதெல்லாம் இதில் ஆயுதம். எண்ணெய் கொட்டிக் கிடந்தால் நெருப்பு பற்றும். தண்ணீரில் மின்னலை இறக்கினால், மாயக் கவசம் தீர்ந்தவர்கள் அத்தனை பேரும் செயலிழந்து ஒரு முறையை இழப்பார்கள். எதிரி, நம்மவர் என்ற பேதம் கிடையாது. நான் மழையை வரவழைத்தேன். அவள் மின்னலை விட்டாள். தண்ணீரில் என் பாத்திரமும் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நிஜ மழையில் தம்பானூர்ச் சாலை தண்ணீரில் நின்றது. அதன்பிறகு ஒவ்வொரு முறைக்கும் முன்னால் “எங்க நிக்கீங்க?” என்று கேட்டுவிட்டே அவள் மந்திரம் போட்டாள்.

வசனம் எல்லாம் ஆங்கிலம், தமிழ் இல்லை. திரையில் வந்ததை அவள் நாகர்கோவில் தமிழில் குரல் மாற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். விலங்குகளோடு பேசும் திறனை எடுத்திருந்ததால், தீவின் கொட்டடியில் இருந்த நாய்களுக்கும் அவள்தான் குரல். எங்கள் அறையில் ஓடிய ஆட்டம் தமிழில்தான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் கருவியை அணைத்துவிட்டுப் பேருந்து நிலையத்தை ஒட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்குப் போனோம். லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கோபுரம். உள்ளே மாடி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரே சாய்தளம் சுருண்டு சுருண்டு மேலே ஏறுகிறது, சுவரோரம் மேசைகள் வரிசையாக ஏறுகின்றன. செங்கல் இடைவெளிகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும். பீட்ரூட் போட்ட மசாலா தோசை வரும்வரை, வந்த பின்னும், அந்தத் தீவிலிருந்து எந்த வழியில் தப்பலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம். கருவி அறையில் அணைந்து கிடந்தது. ஆட்டம் எங்களோடு வந்திருந்தது. முதலில் கேட்ட கேள்விக்கு எனக்கு அங்கே பதில் கிடைத்தது.

மதியம் இன்னும் லேசான ஒன்று: ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒற்றை மனிதர் உருவாக்கி 2016இல் வெளியிட்ட விவசாய ஆட்டம். 2020 டிசம்பரில் வந்த 1.5 பதிப்பிலிருந்து ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம். நாற்று நட்டு, தண்ணீர் ஊற்றி, மீன் பிடித்து, மாடு வளர்த்து ஆடுவது. ஆட்டத்தின் ஒரு நாள் நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். நாங்கள் ஆடிய முறையில் பணம் இருவருக்கும் ஒரே பையில். விதை வாங்குமுன் கேட்டுத்தான் ஆக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி, இருவரும் போய்ப் படுத்தால்தான் நேரத்தோடு நாளை முடிக்க முடியும் என்பது. ஒருவர் முன்னால் படுத்துவிட்டால் மற்றவர் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும்.

மின்சாரமும் குறைகளும்

அல்லையின் பேட்டரி 40 வாட்மணி. கணக்கு எளிது. சிப், திரை, விசிறி எல்லாம் சேர்ந்து 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம். 40 வாட் இழுத்தால் ஒரே மணி நேரம். சைலன்ட் 10, பெர்ஃபார்மன்ஸ் 15, டர்போ 25 வாட் என்று சிப்புக்கு மூன்று நிலைகள். சார்ஜரில் இருந்தால் டர்போ 30 வரை போகும். டிவியில் ஆடும்போது சார்ஜர் செருகியே இருப்பதால் கவலை இல்லை. அவள் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் சைலன்ட் நிலையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் தனியாகக் கொஞ்சம் வயல் வேலை பார்த்தேன். ரயிலில் முழு வழியும் ஆடிக்கொண்டு வரலாம் என்று நினைத்து இதை வாங்காதீர்கள். அந்தத் தேவை உள்ளவர்களுக்காகத்தான் 2024இல் 80 வாட்மணி பேட்டரியோடு அல்லை எக்ஸ் வந்தது. எடை 678 கிராம்.

இரண்டாவது குறை எழுத்தின் அளவு. டிவினிட்டி வாசிக்க நிறைய உள்ள ஆட்டம். 32 அங்குல டிவியைக் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தால் வசனம் பொடியாகத் தெரியும். நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டோம். மூன்றாவது, டாக், கன்ட்ரோலர்கள், கேபிள் எல்லாம் தனிச் செலவு. கருவியின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

வாங்கலாமா?

ஊர் ஊராக அலைபவர், ஏற்கெனவே ஸ்டீமில் விளையாட்டுகள் வைத்திருப்பவர், வீட்டில் நல்ல கணினி இல்லாதவர் என்றால் வாங்கலாம். கனமான புதிய ஆட்டங்களை உச்சத் தரத்தில் ஆட நினைப்பவருக்கு இது பொருந்தாது. வீட்டில் ப்ளேஸ்டேஷனோ ஓரளவு நல்ல லேப்டாப்போ இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. டிவினிட்டி, ஸ்டார்டியூ இரண்டுமே அவற்றில் ஓடும்.

ஞாயிறு மாலை அவளை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு எதிரே ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது என் பையில் ஒரு கன்ட்ரோலர் குறைவாக இருந்தது. அடுத்த முறை வரும்வரை பழகிக்கொள்கிறேன் என்று அவள் எடுத்துப் போயிருந்தாள். எழுபதாயிரம் ரூபாய்க் கருவியை விட, அந்த இரண்டு நாளைச் செய்து தந்தது அந்த இரண்டாவது கன்ட்ரோலர்தான். உங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தால், புதிய கருவிக்குப் பணம் சேர்க்கும் முன் இன்னொரு கன்ட்ரோலரை வாங்குங்கள். மற்றவர் கையில் கொடுத்து, முதல் முறையை அவருக்கே விடுங்கள்.