ஊட்டும் கையும் உண்ணும் கையும்

சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் பிளாசாவின் மாடியிலுள்ள உணவங்காடி நிலையத்தில், மதியக் கூட்டம் கலைந்தபின் பணியாளர்கள் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு மூதாட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தம் ஐந்து வயதுப் பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். பையனுடைய கண்கள் கைப்பேசித் திரையில் லயித்திருக்க, வாய் மட்டும் தானாகத் திறந்து தானாக மூடியது. ஆறேழு கவளம் இப்படிச் சிரமமின்றி இறங்கிய பிறகு, ஒரே ஒரு கடுகு பல்லில் பட்டதுதான் தாமதம். உடம்பு குலுங்க ஓங்கரித்து, வாயிலிருந்த அனைத்தையும் துப்பிவிட்டான். “எல்லாம் செல்லம் கொடுத்த வினை” என்று பாட்டி யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

செல்லத்தின்மேல் பழி போடுவது நியாயமன்று. ருசியை அறியுமுன்னே ஸ்பரிசத்தை விசாரித்துவிடும் குழந்தைகள் சிலர் உண்டு. குழைந்த சோற்றின் நடுவே வரும் கடுகு அவர்களுக்கு, நமக்குச் சோற்றில் கல் அகப்பட்டதற்குச் சமானம். இத்தகைய விலக்கம் முற்றிப்போய்ப் போஷணையைக் கெடுக்கும் நிலையை, மெலிய வேண்டும் என்ற ஆசையால் வரும் பட்டினியினின்று பிரித்து, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தனி நோயாகவே அங்கீகரித்தது.

ஊட்டுதல் என்னும் நம் வழக்கத்தைப் பழமை என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சூடு பார்த்து, கறிவேப்பிலை விலக்கி, திப்பி இல்லாமல் பிசைந்து உருட்டித் தரும் விரல்களுக்கு ஈடான கரண்டி ஏது? மெல்லத் தெரியாத சிசுப் பருவத்தில் அது பெரும் உபகாரம். ஆனால், இரண்டு வயதுக்குப் பிறகும் அதே கை நீடிக்குமாயின், உணவு வாய்க்கு வருமுன் விரல்கள் அறிந்து சொல்லவேண்டிய சேதி குழந்தைக்குக் கிட்டாமலே போகிறது. நிலாவைக் காட்டி ஊட்டிய காலத்திலாவது தாயும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேசினார்கள். திரையோ உண்கிறோம் என்ற நினைவையே அகற்றிவிடுகிறது. அதனால்தான் அந்தக் கடுகு அவனுக்குப் பதுங்கியிருந்து பாய்ந்த பகையாயிற்று. வற்புறுத்தலாலும் பயனில்லை: சூப்பைக் குடித்து முடிக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட சிறுவர்கள் குறைவாகவே குடித்தார்கள் என்று 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

வற்புறுத்தலுக்கு நேர்மாறான கொள்கை அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டருடையது. என்ன, எப்போது, எங்கே என்பன பெற்றோர் பொறுப்பு; உண்பதா, எவ்வளவு என்பன பிள்ளையின் பொறுப்பு. சாதாரணப் பிடிவாதத்துக்கு இது நல்ல மருந்தே. ஆயினும் “பசித்தால் தின்பான்” என்ற நம்பிக்கை, ஸ்பரிசத்துக்கு அஞ்சும் பிள்ளைகளிடம் பலிப்பதில்லை. அவர்களுடைய அச்சம் பசியையும் வென்றுவிடும். குழந்தைகளைத் தாமே உணவைத் தெரிந்தெடுக்கவிட்டுப் பார்த்து, அதன் முடிவுகளை 1928-இல் வெளியிட்ட மருத்துவர் கிளாரா டேவிஸும், அவர்கள்முன் வைத்தவை யாவும் நல்ல உணவுகளே என்பதில்தான் ரகசியம் இருந்தது என்று ஒப்புக்கொண்டார்.

எனக்கு உவப்பானது உணவூட்டல் சிகிச்சையாளர்களின் படிமுறை. முதலில் தட்டில் இருக்கட்டும்; பிறகு முகரலாம், தொடலாம், நக்கலாம்; துப்பினாலும் குற்றமில்லை. இதிலும் குறையுண்டு. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் தாய்க்கு அது எளிதன்று. புலன்களைப் பண்படுத்துவதாகச் சொல்லும் சிகிச்சைகள் அனைத்துக்கும் போதிய சான்றும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இலேயே அதுகுறித்து எச்சரித்தது.

பள்ளிப் பிள்ளையிடம் விஷயம் வேறு. ஒவ்வொரு துண்டும் ஒரேமாதிரி இருக்கும் நக்கெட்டில் அவன் காண்பது ருசியையன்று, நம்பகத்தை. நம் இட்லிக்கும் அந்தக் குணம் உண்டு. அதில் கொஞ்சம் பொடி, பிறகு வேறு பொடி என்று நகர்வது சமையலறைக்குள்ளேயே கிடைக்கும் படிக்கட்டு. பதினெட்டு வயதில் தேசிய சேவைக்குப் போகிறவனுக்கோ முகாம் சாப்பாட்டில் இப்படிப் படிப்படியாகப் பழகும் சலுகை கிடையாது. தன் தொல்லையைத் தானே எடுத்துச்சொல்லும் வார்த்தைகளையாவது அவனுக்கு முன்பே கற்பித்திருக்க வேண்டும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வாளாவிருப்பதும் ஆபத்து. பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவலும் சிப்ஸும் வெள்ளை ரொட்டியுமாகவே ஆண்டுகளைக் கழித்த ஒரு பையன் பதினேழு வயதுக்குள் பார்வையைப் பெருமளவு இழந்ததைப் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 2019-இல் பதிவு செய்தார்கள். அவனுடைய உயரமும் எடையும் இயல்பாகவே இருந்தன.

அன்று அந்தப் பேரன், அழுகை அடங்கியபின், மேசையில் கிடந்த கடுகை விரல் நுனியால் தொட்டான், மெல்ல உருட்டினான், கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். கைப்பேசி அணைந்திருந்தது. பாட்டி ஒரு டிஷ்யூவை எடுத்து அவன் விரலை அழுத்தித் துடைத்துவிட்டு, அடுத்த கவளத்தை உருட்டத் தொடங்கினார்.