ட்ரைப்பின் மேகங்களும் நெகட்டிவில் விழும் கோடுகளும்

லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் எடுத்த மதுரைப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் வானத்தில் போய் நின்றுவிடுகிறார்கள். அந்தக் காலத்திலேயே எவ்வளவு மென்மையான மேகங்கள், என்ன கலைக்கண் என்று! மேகங்களில் பல கேமரா பிடித்தவை அல்ல, நெகட்டிவின் மேல் தூரிகையால் வைத்தவை என்பதும் ஊரறிந்த சேதிதான். ஆனால் அதையும் "ஓவியர் கை" என்று பாராட்டுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இங்கேதான் தகராறு.

வீட்டில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறவர்களுக்கு வானம் என்றாலே பயம். கோபுரத்தில் ஆயிரம் பொம்மை இருக்கு, அங்கே ஒரு கோடு விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஒரே சீரான வானத்தில் தலைமுடி அளவு கோடு விழுந்தாலும் முகத்தில் அறையும். இளையரசனேந்தல்ல சித்திரை மாசம் மாடி டேங்க் தண்ணி சர்வசாதாரணமா 30 டிகிரியைத் தாண்டும். 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கேட்கிற ஃபிலிம், அந்தச் சூட்டில் நாலு நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் சீராக வராது என்று கோடாக்கே எச்சரித்திருக்கிறது. காரணம் எளிது: மருந்தை ஊற்றி முடிக்க ஆகும் பத்துப் பதினைந்து நொடி, மொத்த நேரத்தில் பெரிய பங்காகிவிடுகிறது. முதலில் நனைந்த இடம் முந்திக்கொள்ளும்.

கோடு எல்லாம் ஒரே ஜாதி இல்லை. ஓட்டைகளுக்கு நேராக விழுந்தால் டேங்க்கை மூர்க்கமாக ஆட்டியதாக இருக்கலாம். ஆட்டாமலே வைத்திருந்தால், நன்றாகக் கறுத்த இடத்திலிருந்து வெளிவரும் புரோமைடு கீழே வழிந்து, வழிந்த தடத்தில் மருந்தின் வேலையைக் குறைக்கும். போர் தண்ணியின் உப்பு காய்ந்து விட்ட தடம் வேறு. ஃபிலிமைக் காய்ச்சி வடித்த தண்ணியில் மறுபடி அலசிப் பாருங்க. போச்சுன்னா உப்பு. போகலைன்னா அது படத்தோடவே பிறந்தது, எத்தனை முறை அலசினாலும் போகாது.

இப்போது ட்ரைப்புக்கு வருவோம். மதராஸ் ராணுவ அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு போய்ப் படம் எடுத்தவர், 1856-இல் மாகாண அரசின் போட்டோகிராபர் ஆனார். 1857 கடைசியில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். இந்த ஊர்களில் அவர் பெரிதும் நம்பியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். உணர்திறன் ஏற்றிய தாளை நாள் கணக்கில் வைத்திருக்கலாம் என்பதால் வெயிலில் அலைகிறவருக்குத் தோதானது. காலிக் அமிலத்தில் மணிக்கணக்காகக் கிடந்து மெதுவாகத்தான் படம் எழும். மெழுகு ஒரு இடத்தில் கூடினாலும் குறைந்தாலும், தாளின் மேல் மருந்து ஒழுங்காகப் பரவாவிட்டாலும் திட்டுத்திட்டாக வரும். போதாக்குறைக்கு, அந்தத் தாளுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். கோபுரம் பதிவதற்குள் வானம் நெகட்டிவில் அடர் கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பில் ஒரு இடம் மெலிந்தால், அச்சில் அழுக்குச் சாம்பலாகத் தெரியும்.

அன்றைக்குப் பலர் இதற்குச் செய்த வைத்தியம், வானம் முழுக்க மை பூசி அச்சில் வெறும் வெள்ளையாக்கிவிடுவது. ட்ரைப் அதோடு நிற்கவில்லை. மையை மேக வடிவில் வைத்தார். மை வைத்த இடம் வெள்ளை மேகம், வைக்காத இடத்துச் சாம்பல் ஆகாயம். திட்டும் அந்தச் சாம்பலோடு கலந்துவிடும். எங்க தொழில்ல இதுக்குப் பேர் பேட்ச். நல்ல பேட்ச்தான், மறுக்கவில்லை. வெள்ளை வானத்தைவிடப் படத்துக்கு ஆழம் கொடுக்கிறது. அவர் கை ரொம்ப நிதானமான கை. ஆனால் பழுது பார்த்த வேலையைப் பழுதே இல்லாதது போலப் பாராட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவர் எதோடு மல்லுக்கட்டினார் என்பதே அதில் மறைந்துபோகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இவை அரசாங்கம் ஆவணத்துக்காக எடுக்கச் சொன்ன படங்கள். மதுரையில் அவர் இருந்தது தை, மாசி. அந்த மாசத்து மதுரை வானம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். 1858 தொடக்கத்தில் மதுரையில் மேகமூட்டம் என்று நாளைக்கு ஒருத்தர் இதை வைத்து எழுதினால் யார் பொறுப்பு?

என்னைக் கேட்டால் ட்ரைப்பின் பெரிய சாதனை வானமே இல்லாத ஒரு வேலை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டுதுண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு விரித்திருக்கிறார். பக்கத்துப் பக்கத்து நெகட்டிவ் ஒரே அடர்த்தியில் வராவிட்டால் ஒட்டு உடனே காட்டிக்கொடுக்கும். மேகத்தைப் போட்டு மூட வழியில்லை. எழுத்து எழுத்தாக நிற்க வேண்டும். அதை வெயில் ஊரில், காகிதத்தில் சாதித்த மனுஷனை மேகத்துக்காகவா கொண்டாடுவது?

1859-இல் கவர்னர் ட்ரெவெல்யன் இதெல்லாம் அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். அருங்காட்சியகங்கள் இப்போது அச்சுகளைப் பெரிய அளவில் இணையத்தில் வைக்கின்றன. நெகட்டிவ் எஞ்சியிருக்கும் படங்களுக்கு அதையும் பக்கத்திலேயே, மை தெரியும்படி பின்னால் விளக்கு வைத்து எடுத்துப் போட்டால் போதும். எது மதுரை வானம், எது ட்ரைப்பின் தூரிகை என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.